பூட்ஸைக் கழற்றிய பிறகு: வாசகர் கேள்வி-பதில்

கால்பந்து ஆட்டக்காரராக இருந்தவர் பயிற்சியாளராவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும், எங்கள் விளையாட்டுப் பகுதியினரின் பதில்களும்.

கேள்வி: உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரானதும் ஏன் இப்படிச் சறுக்குகிறார்கள்? புகழ் தலைக்கேறிவிடுகிறதா?

பதில்: தலைக்கனமும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், படி தாண்டிப் போவது.

இங்கிலாந்தின் கேரி நெவில் 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா க்ளப்பின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். 28 ஆட்டங்களில் 10 வெற்றி. ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயில் பார்சிலோனாவிடம் 7-0 தோல்வி. 2016 மார்ச்சில் வேலை போய்விட்டது. பிரான்ஸின் தியரி ஹென்றி 2018 அக்டோபரில் பிரெஞ்சு லீகில் ஆடும் மொனாக்கோவை ஏற்றார். 20 ஆட்டங்களில் 4 வெற்றி, ஜனவரியில் வெளியே. இருவரும் அதற்குமுன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நெவில் இங்கிலாந்து அணிக்கும், ஹென்றி பெல்ஜியம் அணிக்கும் உதவிப் பயிற்சியாளர்கள். சிக்கலே அங்கேதான். உதவிப் பயிற்சியாளர் யோசனை சொல்வார். யாரை உட்கார வைப்பது, தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றபின் திங்கட்கிழமை காலை என்ன பேசுவது என்ற முடிவுகள் அவர் தலையில் விழாது. அதுவும் தேசிய அணி என்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை கூடிக் கலைகிற கூட்டம். க்ளப்பின் அன்றாட நெருக்கடி அங்கே வராது.

இனி மறுபக்கம். பெப் கார்டியோலா 2007-08இல் ஸ்பெயினின் நான்காம் நிலை லீகில் ஆடிய பார்சிலோனா பி அணியைப் பயிற்றுவித்து மேலே ஏற்றினார். ஜினதின் ஜிதான் ரியல் மாட்ரிட்டில் ஓராண்டு பயிற்சியாளர் அன்செலோட்டிக்கு உதவியாளர், பிறகு ஒன்றரை ஆண்டு காஸ்தியா என்ற அதன் இரண்டாம் அணி. அதன் பிறகுதான் 2016 ஜனவரியில் முதல் அணி. சாபி அலோன்சோ ரியல் மாட்ரிட்டில் சிறுவர் அணியில் தொடங்கி, ரியல் சொசியடாட் பி அணியில் மூன்று பருவம் இருந்தார். அந்த அணியை 2021இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார், அடுத்த ஆண்டே இறங்கியதையும் பார்த்தார். 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசென் அவரை அழைத்தபோது அந்த க்ளப் 17ஆம் இடத்தில் கிடந்தது. 2023-24இல் ஜெர்மன் லீகான பன்டஸ்லிகாவை 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை என்று முடித்தார்.

சின்ன அணிகளில் அப்படி என்ன கற்றுக்கொள்கிறார்கள்? முக்கியமாக, விளக்கிச் சொல்லக் கற்கிறார்கள். பெரிய ஆட்டக்காரரின் காலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது. நடுக்களத்தில் பந்து வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்த மிட்ஃபீல்டர் பந்து வருவதற்குமுன் தோளுக்குமேல் திரும்பிப் பார்த்துவிடுவார். தான் பார்ப்பதே அவருக்குத் தெரியாது; இருபது வருடப் பழக்கம். பயிற்சியாளரானதும் பையனிடம், “சீக்கிரம் விடு, சீக்கிரம் விடு” என்று கத்துவார். பின்னால் யார் வருகிறார் என்று பார்க்காத பையன் எப்படிச் சீக்கிரம் விடுவான்? சொல்லவேண்டியது வேறு: “சக வீரன் பந்தைத் தொடும்போது ஒரு தடவை பார், பந்து உன்னிடம் வந்துகொண்டிருக்கும்போது இன்னொரு தடவை பார், அப்புறம் தூரத்துக் காலில், அதாவது பந்து வரும் பக்கத்துக்கு அப்பால் இருக்கும் காலில், வாங்கு.” இப்படி உடைத்துச் சொல்லும் பழக்கம் பதினைந்து வயதுப் பையன்கள் முழிக்கிற முழியைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மிக்கேல் ஆர்தெத்தா உதவிப் பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து நேரே ஆர்செனலுக்கு வந்தவர். ஆனால் அவருடைய முதல் இரண்டு பருவங்களிலும் அணி லீகில் 8ஆம் இடத்தில் முடிந்ததை மறக்கவேண்டாம். நிர்வாகம் பொறுத்தது. ஆந்த்ரேயா பிர்லோவுக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. 2020இல் யுவென்டஸ் 23 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கென்று நியமிக்கப்பட்டு, ஒன்பதே நாளில் முதல் அணிக்குத் தூக்கப்பட்டார். இத்தாலியக் கோப்பையை வென்றும், லீகில் நான்காம் இடம் என்பதால் ஒரே பருவத்தில் அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: தொழில்முறையில் ஆடாதவர் பெரிய பயிற்சியாளராக முடியுமா?

பதில்: முடியும். அரிகோ சாக்கி, பெரிய அளவில் ஆடாத ஜோசே மொரின்யோ, காயத்தால் இருபது வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டு 28 வயதில் ஹோஃபன்ஹைமை ஏற்ற யூலியான் நாகெல்ஸ்மான். முன்னாள் ஆட்டக்காரருக்குக் கிடைக்கிற ஒரே சலுகை, டிரெஸ்ஸிங் ரூமில் முதல் சில வாரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அதன் பிறகு எல்லோரும் ஒன்றுதான்.

கேள்வி: லைசென்ஸ் என்கிறார்களே, அது எத்தனை படி? எத்தனை காலம் பிடிக்கும்? பெரிய ஆட்டக்காரர்களுக்குக் குறுக்குவழி உண்டா?

பதில்: ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம், அங்கேதான் ஏணி தெளிவாக இருக்கிறது. சி, பி, ஏ, ப்ரோ என்று நான்கு படி. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வகுப்பு நேரம் சி லைசென்ஸுக்கு 60 மணி, பி-க்கு 120, ஏ-க்கு 180, ப்ரோவுக்கு 360. இது வெறும் வகுப்பறை நேரம் இல்லை; மைதானத்தில் நடத்திக் காட்டுவதும், வேறு க்ளப்பில் போய் உட்கார்ந்து கவனிப்பதும் இதில் அடங்கும். படிகளுக்கு நடுவே பயிற்சியாளராக வேலை பார்த்த அனுபவமும் கேட்பார்கள் என்பதால், மொத்தத்தில் சில ஆண்டுகள் ஓடிவிடும். லைசென்ஸ் மூன்று ஆண்டு செல்லும். அதற்குள் 15 மணி நேரப் புதுப்பிப்பு வகுப்பு முடித்தால்தான் நீட்டிப்பு.

குறுக்குவழி என்றால், நெடுங்காலம் மேல்நிலையில் ஆடியவர்களுக்குப் பல நாடுகளில் பி-யையும் ஏ-யையும் சேர்த்து நடத்துகிறார்கள். ப்ரோவுக்கு அப்படி இல்லை. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் அருகே உள்ள கொவெர்சியானோ மையத்தில் ஆய்வேடே எழுதிக் கொடுக்கவேண்டும். அன்செலோட்டி எழுதியிருக்கிறார், பிர்லோவும் எழுதியிருக்கிறார்.

சட்டத்தைச் சுற்றிப் போனவர்களும் நிறைய. யோஹான் க்ரைஃபுக்கு டிப்ளமா இல்லை, அதனால் 1985இல் அயாக்ஸ் அவருக்கு டெக்னிக்கல் டைரக்டர் என்று பெயர் வைத்தது. 1984இல் மேற்கு ஜெர்மனி அணியை ஏற்ற பெக்கன்பவருக்குப் பயிற்சியாளர் என்ற பட்டம் இல்லை, ‘டீம்செஃப்’, அதாவது அணித் தலைவர், என்றார்கள். 2006இல் கேரத் சவுத்கேட் மிடில்ஸ்ப்ரோவை ஏற்றபோது ப்ரோ லைசென்ஸ் இல்லாமல் விதிவிலக்கு வாங்கவேண்டியிருந்தது. காஸ்தியாவில் ஜிதானுக்கே 2014இல் இதே விவகாரத்தில் மூன்று மாதத் தடை விதித்தார்கள், பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. பிரான்ஸில் ரான்ஸ் க்ளப், லைசென்ஸ் முடிக்காத வில் ஸ்டில்லை 2022-23இல் வைத்திருந்ததற்காக ஓர் ஆட்டத்துக்கு 25,000 யூரோ என்று அபராதம் கட்டியது. அந்தப் பணம் வீண் என்று ரான்ஸ் நினைத்ததாகத் தெரியவில்லை. அணி லீகில் 17 ஆட்டம் தோற்காமல் ஓடியது.

மைதானத் தேர்வில் முன்னாள் ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடத்தில். எடுத்த தலைப்பு ‘பின்வரிசையிலிருந்து ஆட்டத்தைக் கட்டுவது’ என்றிருக்கும், நடுவில் யாரோ தவறாக ஷாட் அடித்ததும் அதைத் திருத்தப் போய்விடுவார்கள். இரண்டாவது, ஒவ்வொரு நிமிடமும் விசில் ஊதி நிறுத்துவார்கள். ஆட்டம் ஓடவே ஓடாது. மூன்றாவது, பொறுக்க முடியாமல் தாங்களே பந்தை வாங்கி ஆடிக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், மதிப்பெண் குறையும். நிறுத்தினால் முப்பது விநாடிக்குள் ஒரே ஒரு திருத்தம், உடனே ஆட்டத்தைத் தொடரவிடவேண்டும் என்பதுதான் அங்கே எதிர்பார்க்கப்படுவது.

கேள்வி: ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருப்பது இப்போது சாத்தியமா?

பதில்: 1986 மே மாதம் கென்னி டால்கிளீஷ் செல்சி மைதானத்தில் தானே கோல் போட்டு, தான் நிர்வகித்த லிவர்பூலுக்கு லீகை வென்று கொடுத்தார். எஃப்ஏ கோப்பையும் அதே பருவத்தில் வந்தது. அந்தக் காலம் வேறு. அன்றைக்கு எதிரணியை அலசும் வீடியோ குழுவும் இல்லை, ஐந்து மாற்று வீரர்களும் இல்லை.

வின்சென்ட் கொம்பனி 2019இல் பெல்ஜியத்தின் ஆன்டர்லெக்ட் க்ளப்பில் இதை முயன்றார். பருவம் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே, ஆட்ட நாளன்று முடிவெடுக்கும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு கேப்டனாக மட்டும் இறங்கினார். சென்டர் பேக்காக, அதாவது பின்வரிசையின் நடுவில், நின்றுகொண்டு தன் அணியின் வலது ஓரத்தில் இடைவெளி விழுவதைப் பார்க்க முடியாது. மைதான மட்டத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஆழம் தெரியாது. ஓரக்கோட்டில் நிற்கும் பயிற்சியாளர்களே மேலே ஆள் வைத்துத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். கீழ்நிலை லீகுகளில், பணம் இல்லாத க்ளப்பில், இன்றும் நடக்கிறது. மேலே நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வாரப் பயிற்சியை எப்படி அமைப்பார்கள்? எந்த நாளில் என்ன?

பதில்: சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே அடுத்த ஆட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான்.

ஞாயிறு: முதல் நாள் ஆடிய பதினொருவருக்கு சைக்கிள், நீச்சல், மசாஜ். ஆடாதவர்களுக்கும் இருபது நிமிடம் மட்டும் ஆடியவர்களுக்கும் அன்றைக்குத்தான் நல்ல வேலை. புதுப் பயிற்சியாளர்கள் முதலில் கோட்டை விடுவது இங்கேதான். எல்லோருக்கும் ஓய்வு என்று விட்டுவிட்டால், மாற்று வீரர் ஒரு மாதத்தில் ஆட்டத் தகுதியை இழந்துவிடுவார். பிறகு தேவைப்படும்போது இறக்கினால் அறுபதாவது நிமிடத்தில் நொண்டுவார். திங்கள் விடுமுறை.

செவ்வாய், அதாவது ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு: சின்னக் களம், குறைந்த ஆட்கள். 30 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டத்தில் நாலுக்கு நாலு. 600 சதுர மீட்டரை எட்டுப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 75. நிற்பது, திரும்புவது, மோதுவது என்று தொடைக்கும் இடுப்புக்கும் பளு ஏறும். மூன்று நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, ஆறு சுற்று. சுற்று நான்கு, ஐந்து நிமிடமாக நீண்டால் வேகம் செத்து, நடை ஆட்டமாகிவிடும்.

புதன்: பெரிய களம். 70-க்கு 60 மீட்டரில் பத்துக்குப் பத்து, கோல்கீப்பர்கள் தனி. ஆளுக்கு 210 சதுர மீட்டர். முழு மைதானமே 105-க்கு 68, அதில் இருபது களவீரர்களுக்கு ஆளுக்கு 357 வருகிறது. பத்து நிமிடம் வீதம் மூன்று சுற்று. அந்த வார எதிரணியின் ஆட்டமுறையைப் பழகும் நாளும் இதுதான். சில க்ளப்புகள் திங்களுக்குப் பதில் புதனை விடுமுறையாக வைக்கும். அப்போது இந்தப் பளுவை வேறு நாளுக்கு மாற்றவேண்டும், விட்டுவிட முடியாது.

வியாழன்: அளவு குறைவு, வேகம் உச்சம். ஒவ்வொன்றுக்கும் நடுவே முழு ஓய்வு கொடுத்து சில முழுவேக ஓட்டங்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடவேண்டும். வெள்ளி: நாற்பத்தைந்து, ஐம்பது நிமிடம். கார்னர், ஃப்ரீ கிக், அவ்வளவுதான்.

முன்னாள் ஆட்டக்காரர் கெடுப்பது எப்படி என்றால், தனக்குப் பிடித்ததையே தினமும் வைப்பார். சின்னக் கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து. எல்லோருக்கும் பிடிக்கும், சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும். ஆனால் அந்தக் கட்டத்தில் ஒருவராலும் முழுவேகம் எடுக்கவே முடியாது. ஓடிய தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் ஜிபிஎஸ் உடுப்பைப் பார்த்தால் மணிக்கு 25.2 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தூரம் வாரம் முழுக்க ஏறக்குறையப் பூஜ்யமாக இருக்கும். சனிக்கிழமை ஆட்டத்தில் விங்கர் ஒரே ஒரு முறை முழுமூச்சாக ஓடுவார், தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொள்ளும். ‘துரதிர்ஷ்டம்’ என்று பேட்டி கொடுப்பார்கள். அதிர்ஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜிபிஎஸ் வாங்க வசதியில்லாத க்ளப் என்ன செய்யும்? பயிற்சி முடிந்து கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவரிடமும் ‘இன்றைக்கு எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை?’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், 7 என்றால் 630. இந்த எண்ணை வாரா வாரம் எழுதி வைத்தால், ஒருவருக்குத் திடீரென்று எகிறுவது கண்ணில் படும். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். கேப்டன் 5 என்றால் எல்லோரும் 5 என்பார்கள்.

கேள்வி: ஆடுபவராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் யார்?

பதில்: 2022 வரை நடந்த ஆண்கள் போட்டிகளில் மூன்றே பேர். பிரேசிலின் மாரியோ ஜகாலோ (1958, 1962இல் ஆடினார், 1970இல் பயிற்சியாளர்), ஜெர்மனியின் பெக்கன்பவர் (1974, 1990), பிரான்ஸின் டிடியே டெஷாம்ப் (1998, 2018).

கேள்வி: மிட்ஃபீல்டர்கள்தான் நல்ல பயிற்சியாளர்களாக வருகிறார்கள் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பதில்: பட்டியல் அவர் பக்கம்தான் இருக்கிறது: கார்டியோலா, அன்செலோட்டி, டெஷாம்ப், சிமியோனே, கான்டே, அலோன்சோ. நாலு பக்கமும் பார்த்து ஆடவேண்டிய இடம் அது என்பது உண்மை. ஆனால் ஃபெர்குசனும் டால்கிளீஷும் முன்வரிசை, கொம்பனி பின்வரிசை. கோல்கீப்பர்கள் குறைவு, இருந்தாலும் இத்தாலியை 2000ஆம் ஆண்டு யூரோ கோப்பை இறுதி வரை கொண்டுபோன டினோ ஜோஃப், 2020இல் செவியாவுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்த ஹூலன் லோபெதேகி இருவரும் கையுறை போட்டவர்கள். இடத்தைவிட, ஆடும் காலத்திலேயே பயிற்சியாளரிடம் ‘ஏன் இதைச் செய்கிறோம்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவரா என்பதுதான் எங்களுக்கு நல்ல அடையாளமாகப் படுகிறது.

கேள்வி: இடைவேளையில் பயிற்சியாளர் கத்துவாரா? அந்தப் பதினைந்து நிமிடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

பதில்: விதிப்படி பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் பேசக் கிடைப்பது நாலைந்து நிமிடம்தான். உள்ளே நடந்து வர இரண்டு நிமிடம். அடுத்த மூன்று நிமிடம் வீரர்கள் தண்ணீர் குடிப்பார்கள், கட்டு மாற்றிக்கொள்வார்கள், பிசியோ முழங்காலைப் பார்ப்பார். அந்த நேரத்தில் பேசினால் காதில் ஏறாது. அனுபவசாலி அப்போது பக்கத்து அறையில் உதவியாளரோடு நின்று, எந்த இரண்டு விஷயம் என்று முடிவு செய்துகொண்டிருப்பார். இருபது விநாடி வீடியோத் துண்டு இரண்டு, விஷயம் இரண்டு. மூன்றாவதைச் சேர்த்தால் முதலாவது மறந்துபோகும். கடைசியில் இரண்டு நிமிடம் தனித்தனியாக ஓரிருவரிடம். நடுவரின் மணி அடித்துவிடும்.

ஆள் மாற்றம் இதில் ஒரு நுட்பம். ஐந்து மாற்று அனுமதித்தாலும், பெரும்பாலான போட்டிகளில் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்றே வாய்ப்பு. இடைவேளையில் மாற்றினால் அது கணக்கில் வராது. எனவே ‘ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் மாற்றலாம்’ என்று நினைப்பதை இடைவேளையிலேயே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். எண்பதாவது நிமிடம், 1-0 முன்னிலை. களைத்துப்போன உயரமான ஸ்ட்ரைக்கரை எடுத்துவிட்டு, எதிர்த்தாக்குதலுக்காகக் குள்ளமான, வேகமான விங்கரை இறக்குகிறார் புதுப் பயிற்சியாளர். தர்க்கம் சரி. மறுநிமிடம் எதிரணிக்குக் கார்னர். அதுவரை முன்கம்பத்தருகே நின்று தலையால் பந்தை வெளியேற்றிக்கொண்டிருந்தவர் யார்? அந்த ஸ்ட்ரைக்கர்தான். இப்போது அந்த இடத்தில் யாரும் இல்லை, அல்லது விங்கர் நிற்கிறார். கோல். இதைத் தவிர்க்கத்தான், இறங்கப்போகும் வீரரிடம் உதவியாளர் ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார்: கார்னரில் யார் எங்கே என்ற படம். மாற்றத்தால் இடம் மாறும் மற்ற இருவருக்கும் செய்தி போகவேண்டும். உயரம் போனால் உயரத்தை எங்கிருந்து எடுத்து அங்கே வைப்பது என்பதை ஆட்டத்துக்கு முதல் நாளே எழுதி வைத்திருக்கவேண்டும். எதிரணி கார்னர் எடுக்க நிற்கும்போது ஆள் மாற்றாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கேள்வி: நேற்று வரை தோளில் கைபோட்டுப் பழகிய சக வீரர்களுக்கு இன்று முதலாளி. எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதல் வாரத்திலேயே சில விஷயங்களை முடித்துவிடவேண்டும். வீரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுங்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட மேசையை மாற்றுங்கள். தாமதத்துக்கு எவ்வளவு அபராதம் என்பதை எழுதி ஒட்டுங்கள். தொகையை வீரர்கள் குழுவே முடிவு செய்யட்டும், வசூலிப்பதில் மட்டும் ஆள் பார்க்காதீர்கள். உங்கள் நெருங்கிய நண்பர் தாமதமாக வரும் அன்றுதான் உங்களுக்கு உண்மையான பரீட்சை.

அணியில் இடமில்லை என்பதை நேரில், தனியாக, பட்டியல் வெளியாவதற்குமுன் சொல்லிவிடுங்கள். காரணம் ஒன்று போதும். ‘நீ நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால்…’ என்று சுற்றி வளைத்தால் பேரம் தொடங்கிவிடும்.

2008இல் பார்சிலோனா முதல் அணியை ஏற்றதும் கார்டியோலா ரொனால்டினியோவையும் டெகோவையும் அனுப்பிவைத்தார். லீகில் முதல் ஆட்டம் நுமன்சியாவிடம் 1-0 தோல்வி, அடுத்தது ரேசிங் சான்டான்டருடன் 1-1. பத்திரிகைகள் சும்மா இருக்கவில்லை. அவர் எதையும் மாற்றவில்லை. பருவ முடிவில் மூன்று கோப்பை. இரண்டு ஆட்டத்துக்குப் பயந்து பழைய நண்பர்களிடம் ஆலோசனை கேட்கப் போயிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கேள்வி: ‘மேனேஜர்’, ‘ஹெட் கோச்’ என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பதில்: பழைய இங்கிலாந்து வழக்கப்படி மேனேஜர் ஆட்களை வாங்கவும் விற்கவும் சொல் உள்ளவர். ஹெட் கோச் கொடுத்த ஆட்களைப் பயிற்றுவித்து அணியை இறக்குபவர். வாங்குவது ஸ்போர்ட்டிங் டைரக்டர். இன்று பெயரை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆர்தெத்தா ஹெட் கோச்சாகத்தான் வந்தார், 2020இல் மேனேஜர் என்று மாற்றினார்கள்.

கேள்வி: பெண்கள் கால்பந்தில் ஆட்டக்காரராக இருந்து உயர்ந்த பயிற்சியாளர்கள் உண்டா?

பதில்: சரினா வீக்மன் ஒருவரே போதும். நெதர்லாந்துக்காக நூறு ஆட்டங்களை ஒட்டி ஆடியவர். ஆடிய காலத்தில் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாகவும் இருந்தார், ஏனென்றால் பெண்கள் கால்பந்து சோறு போடவில்லை. டெர் லேடே, பிறகு ஏடிஓ டென் ஹாக் என்று க்ளப்புகளில் பல ஆண்டு. 2017 யூரோ கோப்பையை நெதர்லாந்துடன் வென்றார், 2022, 2025 யூரோ கோப்பைகளை இங்கிலாந்துடன். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளைச் சமாளித்த பழக்கம் எந்த லைசென்ஸிலும் கிடைக்காது.

கேள்வி: ஓய்வுபெறப் போகும் ஆட்டக்காரர் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

பதில்: முதலில், அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். 2023 அக்டோபரில் வெய்ன் ரூனி பர்மிங்ஹாம் சிட்டியை ஏற்றபோது அணி இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் 6ஆம் இடத்தில் இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பயிற்சியாளரை எடுத்துவிட்டுக் கொடுத்த வேலை. 15 ஆட்டம், 2 வெற்றி. அவர் போகும்போது 20ஆம் இடம். ஆறாம் இடத்து அணிக்குப் போகிறவர் ஏறுவதற்கு நாலைந்து படிதான், இறங்குவதற்கு நிறைய. இதே ரூனி டெர்பியில், க்ளப் திவாலாகி 21 புள்ளி வெட்டப்பட்ட பருவத்தில், அணி இறங்கியும் நல்ல பெயரோடு வெளியே வந்தார்.

இதற்கு நேர்மாறு யூர்கன் கிளாப். 2001 பிப்ரவரியில் ஜெர்மனியின் மைன்ஸ் க்ளப் இரண்டாம் டிவிஷனிலிருந்து விழும் நிலையில் இருந்தபோது, அங்கே பதினோரு பருவமாக ஆடிக்கொண்டிருந்தவரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். காப்பாற்றினார். அடுத்த இரண்டு பருவமும் மயிரிழையில் மேல் டிவிஷன் தவறியது. க்ளப் அவரை விடவில்லை, 2004இல் ஏறியது. எதிர்பார்ப்பு குறைவு, நிர்வாகத்துக்கு ஆளைத் தெரியும். முதல் வேலைக்கு இந்த இரண்டும் சம்பளத்தைவிடப் பெரியவை.

பிறகு ஒப்பந்தம். உதவியாளர்களை யார் நியமிப்பது, அவர்கள் சம்பளம் யார் கணக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களிடம் இல்லாத திறமை உள்ள ஒருவரையாவது, அதாவது பயிற்சித் திட்டம் போடத் தெரிந்தவரை, கூடவே கூட்டிப் போங்கள். பழைய நண்பர் என்ற ஒரே தகுதியுள்ளவரை வேண்டாம். ஆட்களை வாங்குவதில் உங்களுக்கு மறுப்புரிமை உண்டா என்று கேளுங்கள். பாதியில் நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம், வேறு வேலை கிடைத்ததும் அது நின்றுவிடுமா, அணி கீழே இறங்கினால் சம்பளம் எவ்வளவு வெட்டு, வேறு க்ளப் அழைத்தால் நஷ்டஈடு எவ்வளவு என்று நான்கையும் எண்ணாகக் கேளுங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீக்கிவிட்டால்? அலெக்ஸ் ஃபெர்குசன் 32 வயதில் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் க்ளப்பில் பகுதிநேர வேலையாகத் தொடங்கியவர். 1978இல் செயின்ட் மிர்ரன் அவரை நீக்கியது, அதே ஆண்டு அபர்டீன் எடுத்துக்கொண்டது. சிமியோனே 2008இல் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டைச் சாம்பியனாக்கி, அடுத்த லீக் போட்டியில் கடைசி இடத்தில் விட்டுவிட்டு விலகினார். 2011இல் இத்தாலியின் கட்டானியாவை டிவிஷன் இறங்காமல் காப்பாற்றினார், அந்த டிசம்பரில் அட்லெடிகோ மாட்ரிட்டில் இருந்தார். இரண்டாவது வேலை பெரும்பாலும் முதல் வேலையைவிடச் சின்ன க்ளப்பில்தான் கிடைக்கும். தொலைபேசி ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில் உங்கள் ஆட்டங்களின் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடந்தது, அடுத்து எதை மாற்றுவீர்கள் என்று இருபது நிமிடத்துக்குள் காட்டும்படி ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். இன்று நேர்காணலில் க்ளப்புகள் கேட்பது அதைத்தான். நீங்கள் ஆடிய காலத்துக் கோல்களை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.